கழித்தல் ஏழு: ஒற்றையா, இரட்டையா?

(நொச்சிக்குப்பத்தில் நடந்த கணக்குப் பதிவேடு பயிற்சிக் கூட்டத்தில், எங்கள் பயிற்சிக் குழு சார்பில் பேசியது. கிராமத்துக் குழு உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக எழுத்தில் தருகிறோம்.)



காலையிலிருந்து லூப் ரோட்டு மீன் அங்காடியில் நின்று வியாபாரம் பார்த்துவிட்டு, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரம் எவ்வளவு பெரிசு என்று எங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேசப்போவது ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் பற்றி. "இது சின்னப் பிள்ளைங்க பாடமாச்சே, இதுக்கா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்கலாம். கூப்பிட்டதற்கு இரண்டு காரணம் இருக்கிறது.

முதல் காரணம், நம்ம பிள்ளைகள். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'முழுக்கள்' என்று ஒரு பாடம் வருகிறது. அதில் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்கள் வரும். -1, -2, -3 என்று போகும். அங்கேதான் நிறையப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, கழித்தல் ஏழு ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?" என்று கேட்டால், "போய் டீச்சரைக் கேளு" என்று அனுப்பிவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு நம்மாலேயே பதில் சொல்ல முடியும்.

இரண்டாவது காரணம், நம்ம குழுவின் ரொக்கப் புத்தகம். கணக்கில் பணம் இடிக்கும்போது யார்மேல் பழி விழும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் இந்தச் சின்னப் பாடம் ஒரு பெண்ணின் மானத்தையே காப்பாற்றும். எப்படி என்று கடைசியில் சொல்கிறோம்.

நமக்குத் தெரிஞ்ச ஒற்றை, இரட்டை

புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று விளையாடாதவர்கள் நம்மில் யார்? எதிரில் இருப்பவள் சொல்வாள். கையைத் திறந்து, இரண்டு இரண்டாக ஒதுக்குவோம். எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டால் இரட்டை. ஒன்று தனியாக நின்றால் ஒற்றை. இவ்வளவுதான் பாடம். ஜோடி சேருமா, ஒன்று மிஞ்சுமா? அதைத்தான் புத்தகத்தில் 'இரண்டால் மீதியின்றி வகுபடும் எண்' என்று எழுதுகிறார்கள்.

கல்யாணத்துக்கு மொய் வைக்கும்போது 100 வைக்காமல் 101 வைக்கிறோம். 500 வைக்காமல் 501. அந்த ஒரு ரூபாய் இரட்டையை ஒற்றையாக்கிவிடுகிறது.

ரயிலில் போகிறோம். எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எண் 12637. மதுரையிலிருந்து திரும்பி வருவது 12638. போவதற்கு ஒற்றை, வருவதற்கு இரட்டை. டிக்கெட்டில் அந்தக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போகிற வண்டியா, வருகிற வண்டியா என்று தெரிந்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. நம்ம கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஏப்ரலில் 16 நாள், மே மாதம் 31 நாள், ஜூனில் 14 நாள். மொத்தம் 61. ஒற்றையா, இரட்டையா? 61-ல் கடைசி இலக்கம் 1. ஒற்றைதான். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. அதுவும் ஒற்றை.

எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். 0, 2, 4, 6, 8 என்று முடிந்தால் இரட்டை. 1, 3, 5, 7, 9 என்று முடிந்தால் ஒற்றை. ஏன் கடைசி இலக்கம் மட்டும் போதும்? பத்து என்பது ஐந்து ஜோடி. நூறு என்பது ஐம்பது ஜோடி. ஆயிரமும் லட்சமும் அப்படியே ஜோடி ஜோடியாகப் பிரிந்துவிடும். மிஞ்சுமா, மிஞ்சாதா என்பதை முடிவு செய்வது கடைசியில் நிற்கும் சில்லறைதான்.

பூஜ்யம் எந்தப் பக்கம்?

இங்கேதான் முதல் சந்தேகம் வரும். "பூஜ்யம் ஒண்ணுமில்லாதது. அது ஒத்தையும் இல்ல, ரெட்டையும் இல்ல" என்று சில பேர் சொல்வார்கள். அது சரியில்லை. பூஜ்யம் இரட்டைப்படை.

கையைத் திறக்கிறோம், புளியங்கொட்டையே இல்லை. தனியாக ஏதாவது மிஞ்சி நிற்கிறதா? இல்லை. மிஞ்சாவிட்டால் இரட்டை. அவ்வளவுதான்.

இதை அரசாங்கமும் ஒரு தடவை எழுதிக் காட்ட வேண்டி வந்தது. டெல்லியில் காற்று மாசு அதிகமாகி, 2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒரு விதி போட்டார்கள். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண்ணில் முடியும் கார்கள், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை எண்ணில் முடியும் கார்கள் மட்டும் ஓடலாம். 0 என்று முடியும் காரை எதில் சேர்ப்பது? இரட்டைப்படையில்தான் சேர்த்தார்கள். தனியாக ஓட்டிவந்த பெண்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே

இனி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவோம். பயப்பட வேண்டாம். இந்த எண்களோடு நாம் தினமும் குடித்தனம் நடத்துகிறோம்.

கையில் ஒரு பைசா இல்லை, அது 0. தண்டல்காரரிடம் 500 வாங்கிவிட்டோம், சரக்கு எடுத்தாச்சு, பணம் போச்சு. இப்போது நம்ம நிலைமை என்ன? 0 இல்லை. 0-க்கும் கீழே 500. அதைத்தான் -500 என்று எழுதுகிறார்கள். கழித்தல் 500, மைனஸ் 500, பள்ளிப் புத்தகத்தில் 'குறை எண்'. வங்கியில் குழுவுக்கு வாங்கிய கடன் கணக்கின் பாஸ்புக்கைப் பாருங்கள். சில வங்கிகளில் பாக்கித் தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருக்கும். அது அச்சுப் பிழை இல்லை. அவ்வளவு தொகை நாம் தரவேண்டும் என்று அர்த்தம். அந்தக் கோட்டைக் கவனிக்காமல், "நம்ம கணக்குல பணம் இருக்கு" என்று நினைத்துவிடக் கூடாது.

கடனை எண்ணாக எழுதுவது நம்ம நாட்டில் பழைய பழக்கம். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் என்ற கணித அறிஞர் ஒரு நூல் எழுதினார். அதில் பூஜ்யத்துக்கு மேலே உள்ள எண்ணை 'தனம்' என்றார், அதாவது செல்வம். பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதை 'ருணம்' என்றார், அதாவது கடன். தனத்தையும் ருணத்தையும் எப்படிக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது என்று விதி எழுதி வைத்தார். நம்ம வீட்டில் இருக்கும் கடன்தான் கணக்குப் பாடத்தில் குறை எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

கடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர் மட்டத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிற கலங்கரை விளக்கம் மேலே போகிறது, அது 1, 2, 3 என்று ஏறும். வலை கீழே இறங்குகிறது. ஒரு பாகம் இறங்கினால் -1, இரண்டு பாகம் இறங்கினால் -2, ஏழு பாகம் இறங்கினால் -7. கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சு போட்டால், மேலே எப்படி எண்ணுகிறோமோ அப்படியேதான் கீழேயும் எண்ணுவோம். கயிறு கிராமத்துக் கிணற்றில் இறங்கினாலும் இதே கணக்குத்தான்.

கோலப்புள்ளி சொல்லும் பதில்

சரி, -7 ஒற்றையா, இரட்டையா?

நேர்புள்ளிக் கோலம் போடத் தெரியும் இல்லையா? நடுவில் 7 புள்ளி. அடுத்த வரிசையில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று விட்டால் 5. அடுத்து 3. அடுத்து 1. ஒவ்வொரு தடவையும் இரண்டு குறைக்கிறோம். ஒற்றையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தால் மறுபடி ஒற்றைதான் வரும். 7, 5, 3, 1. நடுவரிசை 8 புள்ளியாக இருந்தால் 8, 6, 4, 2 என்று இரட்டையாகவே இறங்கும். இடுக்குப்புள்ளியில் ஒவ்வொன்றாகக் குறைப்போம். அங்கே 7, 6, 5, 4 என்று ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரும்.

வாசலில் 1-ஓடு கோலம் முடிந்துவிடும். தாளில் அதை முடிக்காமல் இன்னும் இரண்டு இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

7, 5, 3, 1, -1, -3, -5, -7.

1-லிருந்து 2 போனால் -1. கையில் ஒரு ரூபாய், கொடுக்க வேண்டியது இரண்டு ரூபாய், ஒரு ரூபாய் கடன். -1-லிருந்து இன்னும் 2 போனால் -3. ஒற்றையில் ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடியை மட்டும்தான் எடுத்தோம். அதனால் வந்தது எல்லாமே ஒற்றை. ஆக, -7 ஒற்றைப்படை.

இரட்டை வரிசையும் அதே மாதிரி: 8, 6, 4, 2, 0, -2, -4, -6, -8. பூஜ்யம் எந்த வரிசையில் வந்தது என்று கவனித்தீர்களா? இரட்டை வரிசையில். அதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் 1-ம், -1-ம் ஒற்றை.

கடனாகவும் பார்க்கலாம். ஏழு ரூபாய்க் கடனை அக்காவும் தங்கச்சியும் முழு ரூபாயாகச் சமமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று. ஒரு ரூபாய்க் கடன் யார்மேலும் ஏறாமல் நிற்கும். மிஞ்சினால் ஒற்றை. எட்டு ரூபாய்க் கடன் என்றால் ஆளுக்கு நான்கு, மிச்சமில்லை. -8 இரட்டை.

அதனால் பிள்ளை கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "முன்னாடி கோடு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன, கடைசி இலக்கத்தைப் பாரு." -348 இரட்டை. -1,205 ஒற்றை. -90 இரட்டை. கழித்தல் குறி ஒற்றையை இரட்டையாக மாற்றாது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்செல்லாம் முழுசான எண்ணுக்கு மட்டும்தான். 12 ரூபாய் 50 காசு ஒற்றையா, இரட்டையா என்று கேட்கக் கூடாது. அரை ரூபாய் வந்துவிட்டால் அந்தக் கேள்வியே பொருந்தாது. வங்கி வட்டியில் காசு வந்தால், ரூபாயைத் தனியாகவும் காசைத் தனியாகவும் வைத்துப் பாருங்கள்.

கூட்டினால் என்ன வரும்?

மூன்று விதிதான். மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையும் இரட்டையும் சேர்ந்தால் இரட்டை.
ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை.
ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை. ஏனென்றால் இரண்டிலும் மிஞ்சிய ஒவ்வொன்றும் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிடும்.

கழித்தாலும் இதே விதிதான். 7-லிருந்து 3 போனால் 4, இரட்டை. 3-லிருந்து 7 போனால் -4, அதுவும் இரட்டை. பெரிய எண்ணிலிருந்து சின்னது போனாலும், சின்னதிலிருந்து பெரியது போனாலும் ஒற்றை இரட்டை மாறாது.

கணித மேதை ராமானுஜன் திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் எண் 1729. அது 1728-ம் 1-ம் சேர்ந்தது. 1000-ம் 729-ம் சேர்ந்தாலும் அதே 1729. இரண்டு வழியிலும் ஒரு இரட்டையும் ஒரு ஒற்றையும் சேர்கிறது. அதனால் வருவது ஒற்றை. பெரிய மேதையின் எண்ணும் நம்ம விதிக்குள்தான் அடங்குகிறது.

கூட்டத்திலேயே சரிபார்ப்பது

இனி நம்ம பதிவேட்டுக்கு வருவோம்.

ஒரு குழுவில் 13 பேர் வந்திருக்கிறார்கள். சேமிப்பும் சந்தாவும் சேர்த்து சிலர் 105 கட்டினார்கள், சிலர் 155, சிலர் 205. எல்லாம் ஒற்றைப்படை. 13 ஒற்றைகள். 12 பேருடைய ஒற்றைகள் ஜோடி சேர்ந்துவிடும், ஒருவருடையது மிஞ்சும். ஆகவே மொத்தம் ஒற்றையாகத்தான் வரவேண்டும். கூட்டியவர் 1,610 என்று சொன்னால், உடனே "மறுபடி கூட்டுங்க அக்கா" என்று சொல்லிவிடலாம். ஒருவர் விட்டுப்போயிருக்கிறார், அல்லது கூட்டல் தப்பு.

ரொக்கப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. ஆரம்ப இருப்பு, ஒவ்வொரு வரவு, ஒவ்வொரு செலவு, இறுதி இருப்பு, இவை எல்லாவற்றையும் பாருங்கள். அவற்றில் ஒற்றைப்படை எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை இரட்டையாக இருக்க வேண்டும்.

ஆரம்ப இருப்பு 1,245. வரவு 700, 351. செலவு 180, 115. இறுதி இருப்பு 2,001. இதில் ஒற்றைப்படை எவை? 1,245, 351, 115, 2,001. நான்கு. சரி. யாராவது இறுதி இருப்பை 2,010 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டால், ஒற்றைப்படைகள் மூன்றாகிவிடும். உடனே பிடிபட்டுவிடும்.

ஏன் இப்படி? ஆரம்ப இருப்பும் வரவும் சேர்ந்தால் 2,296. செலவும் இறுதி இருப்பும் சேர்ந்தாலும் 2,296. ஒரே தொகை இரண்டு தடவை. எந்தத் தொகையையும் இரண்டு தடவை கூட்டினால் அது இரட்டைதான்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இந்தச் சோதனையில் தப்பு தெரிந்தால் நிச்சயம் தப்பு இருக்கிறது. சோதனையில் தேறிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. 2,001-க்குப் பதில் 2,101 என்று எழுதியிருந்தாலும் இது தேறிவிடும். அதனால் முழுக் கூட்டலை விட்டுவிடக் கூடாது. இது வாசல்படியில் நிற்கும் முதல் காவல் மட்டும்.

பெட்டியில் 460 ரூபாய் குறைந்தபோது

இப்போது முதலில் சொன்ன மானப் பிரச்சினைக்கு வருகிறோம். இது ஒரு குழுவில் நடந்தது. பேரும் ஊரும் வேண்டாம்.

மாதக் கடைசிக் கூட்டம். ரொக்கப் புத்தகத்தில் இருப்பு 2,870. பெட்டியைத் திறந்து எண்ணினால் 2,410. பெட்டிச் சாவி ஒரு பிரதிநிதியிடம் இருந்தது. ஒருத்தர் கேட்டார், "பணம் கால் முளைச்சு நடந்துச்சா?" இன்னொருத்தர் கேட்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கேட்டதைவிட மோசம். அந்தப் பிரதிநிதி அழுதுவிட்டார். "என் கம்மலை வச்சாவது நாளைக்கே கட்டிடறேன், இதோட விட்டுடுங்க" என்றார். பாதிப் பேர் சரி என்று தலையாட்டினார்கள்.

அந்தக் குழுவின் ஊக்குநர் சம்மதிக்கவில்லை. "எடுக்காத பணத்தை ஏன் கட்டணும்? முதல்ல வித்தியாசத்தைப் பார்ப்போம்" என்றார்.

பெட்டியில் உள்ளதிலிருந்து புத்தகத்தில் உள்ளதைக் கழித்தார். 2,410-லிருந்து 2,870 போனால் -460. இதில் இரண்டு செய்தி இருக்கிறது.

ஒன்று, முன்னால் உள்ள கழித்தல் குறி. பெட்டியில் குறைவு, புத்தகத்தில் கூடுதல். அப்படியென்றால் ஏதோ ஒரு செலவு எழுதாமல் விட்டிருக்கலாம், அல்லது ஒரு வரவு இரண்டு தடவை ஏறியிருக்கலாம், அல்லது ஒரு செலவு தப்பாக வரவுப் பக்கத்தில் ஏறியிருக்கலாம். இதில் கூட்டல் குறி வந்திருந்தால் எல்லாம் தலைகீழ்.

இரண்டாவது, -460 இரட்டைப்படை. ஒரு தொகை பக்கம் மாறி ஏறினால் வித்தியாசம் எப்பவும் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரும். கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விட்டது ஒரு தடவை, அதையே கூட்டியது இன்னொரு தடவை. இரண்டு மடங்கு என்றாலே இரட்டைப்படை. ஆக, வித்தியாசம் இரட்டையாக இருந்தால் அதைப் பாதியாக்கித் தேட வேண்டும். 460-ல் பாதி 230.

ஊக்குநர் அந்த மாத வரவுப் பக்கத்தில் 230 எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினார். இருந்தது. வங்கிக்குப் போன ஆட்டோ செலவு 150, ஜெராக்ஸ் 80, மொத்தம் 230. ரசீது கோப்பில் இருந்தது. எழுதியவர் அவசரத்தில் வரவுப் பத்தியில் ஏற்றிவிட்டார். வரவிலிருந்து 230-ஐ எடுத்தார்கள், இருப்பு 2,640 ஆனது. செலவில் 230-ஐச் சேர்த்தார்கள், 2,410 ஆனது. பெட்டியில் இருந்ததும் 2,410.

யாரும் எதையும் எடுக்கவில்லை. எழுதிய இடம்தான் மாறியிருந்தது.

அந்தப் பிரதிநிதி கம்மலை வைத்துப் பணம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டியும் புத்தகமும் பொருந்தியிருக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தப்பு புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கும். அவருடைய 460 ரூபாயும் போயிருக்கும், 'எடுத்தவ' என்ற பேரும் நின்றிருக்கும். குழுவைவிட்டே அவர் போயிருப்பார். கைக்காசைப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள் என்று நாங்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வது இதற்காகத்தான்.

வித்தியாசம் ஒற்றையாக வந்தால்?

எல்லாத் தொகையும் முழு ரூபாயில் இருக்கும்போது வித்தியாசம் ஒற்றைப்படையாக வந்தால், ஒரு தொகை பக்கம் மாறி ஏறியது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பாதியாக்கித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்போது ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக வித்தியாசம் -45. ஒற்றை. ஆனால் 45 என்பது ஒன்பதைந்து. மீதியில்லாமல் ஒன்பதால் வகுபட்டால், ஏதோ ஒரு தொகையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு இருக்கிறது. 161 ரூபாய் செலவை 116 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 45. செலவைக் குறைத்து எழுதியதால் புத்தகத்தில் இருப்பு கூடும், பெட்டியில் 45 குறையும். குறியும் -45 என்று சரியாகப் பொருந்துகிறது.

வித்தியாசம் +90 என்று வந்தால்? 90 இரட்டை. முதலில் பாதியாக்குங்கள், 45. கூட்டல் குறி என்பதால் வரவு ஒன்று செலவுப் பக்கம் போயிருக்கலாம். செலவுப் பக்கத்தில் 45 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா? 90 ஒன்பதாலும் வகுபடும். 540 வரவை 450 என்று எழுதியிருக்கலாம். அதையும் பாருங்கள்.

இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால், வித்தியாசத் தொகை அப்படியே எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரசீதை ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டியதுதான். ஒற்றை இரட்டை திருடனைக் காட்டும் மந்திரம் இல்லை. எங்கே முதலில் தேடுவது என்று மட்டும் சொல்லும். அழுகையும் சந்தேகமும் கூட்டத்தில் நிறைந்திருக்கும்போது, எங்கே தேடுவது என்று தெரிவதே பெரிய உதவி.

தப்பு கிடைத்த பிறகு வெள்ளை மை போட்டு அழிக்காதீர்கள். தாளைக் கிழிக்காதீர்கள். தப்பான எண்மேல் ஒரே கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானப் புத்தகத்திலும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். யார்மேலாவது சந்தேகப்பட்டுப் பேசியிருந்தால், அதே கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவருக்கு ஆறுதல் சொல்லுங்கள். பழியை எல்லார் முன்னாலும் போட்டுவிட்டு, சமாதானத்தைத் தனியாகச் சொல்வது நியாயம் இல்லை.

வீட்டிலும் குழுவிலும் செய்து பார்க்க

1. 0, -1, 18, -26, 333, -1,000 ஆகியவற்றில் ஒற்றை எவை, இரட்டை எவை? பிள்ளையோடு சேர்ந்து பிரியுங்கள்.

2. தரையில் ஒரு கோடு போட்டு, நடுவில் 0 எழுதி, வலப்பக்கம் 10 வரை, இடப்பக்கம் -10 வரை எழுதுங்கள். பூஜ்யத்தில் நின்று இரண்டு இரண்டாகத் தாண்டச் சொல்லுங்கள். கால் படுவதெல்லாம் இரட்டை. கால் படாதது ஒற்றை.

3. உங்கள் ரொக்கப் புத்தகத்தில் போன மாதப் பக்கத்தைத் திறந்து, ஒற்றைப்படை எண்களை எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டையாக வருகிறதா?

4. புத்தக இருப்பு 3,150, பெட்டியில் 3,510. வித்தியாசம் என்ன, குறி என்ன, ஒற்றையா, இரட்டையா, எந்தத் தொகையை எந்தப் பக்கத்தில் முதலில் தேடுவீர்கள்?

நான்காவது கேள்விக்கு விடை: வித்தியாசம் +360, இரட்டை. பாதி 180. செலவுப் பக்கத்தில் 180 என்று ஒரு வரவு தப்பாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 360 ஒன்பதாலும் வகுபடுகிறது. இருப்பையே 3,510-க்குப் பதில் 3,150 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சகோதரிகளே, குழுவில் கணக்கு எழுதும் பொறுப்பு என்றாலே, "எனக்குப் படிப்பு பத்தாது, வேற யாரையாவது போடுங்க" என்று ஒதுங்குகிறவர்கள் நிறையப் பேர். மீன் ஏலத்தில் கண்ணால் பார்த்தே கூறுக்கு விலை சொல்கிறீர்கள். நாலு பேர் பாக்கியை மனசிலேயே வைத்து வசூலிக்கிறீர்கள். வயலில் கூலி ஆளுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டே சொல்கிறீர்கள். அந்த அறிவுக்கு முன்னால் இந்தச் சின்னக் கோடு ஒன்றும் பெரிசு இல்லை. அடுத்த தடவை சுழற்சி முறையில் பொறுப்பு மாறும்போது, இதுவரை பேனா பிடிக்காத ஒருவர் முன்வந்து புத்தகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நாங்கள் வருகிறோம்.